சுத்தம் செய்யக் கொடுத்த பதினொன்று

பெல்லமி, ஓக்லஹோமா
பிப்ரவரி 9, 1998

அன்புள்ள ஓபல் அக்காவுக்கு,

துப்பாக்கிக் கடைக்குப் பழுப்பு நிறக் கோட்டை அணிந்து செல்வது என்றும், நீலக் கோட்டை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்றும் இன்று காலை எட்டு மணியளவில் தீர்மானிக்கப்பட்டது. நீலம் சர்ச்சுக்கு உரியது என்பதும், பழுப்பில் பாக்கெட் ஆழம் என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டன. தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

நீ நலமா? காதுக்கு வைத்த புது மெஷினில் பேச்சு கேட்கிறதா, இல்லை பழையதைப் போல இரைச்சல்தானா? உன்னோடு தொலைபேசியில் பேச முடியாமல் போனது ஒரு வகையில் நல்லது. இதை என்னால் வாயால் சொல்ல முடியாது.

வெண்டல் போன மாதம் பத்தொன்பதாம் தேதியிலிருந்து மனநல மருத்துவமனையில் இருக்கிறார். அன்று நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பின்கதவு வழியாக வந்தார். ரிவால்வரை மேஜையில், உருளைக்கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தார். "நடீன், இதை எங்கயாவது கொண்டு போய் வை. நான் கேட்டாக்கூடக் குடுக்காத" என்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் மிச்சமிருந்த உருளைக்கிழங்கையும் உரித்து முடித்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஊரில் முதுகில் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பிவிடுவார்களாம். அதற்குள் வீட்டில் ஒரு துப்பாக்கிகூட இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார். பூட்டி வைத்தால் போதாது, வீட்டை விட்டே போக வேண்டும். பதினொன்று இருக்கின்றன. ஆகவே முதலில் அந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டு டாய்ல் ஹாஸ்கின்ஸ் கடைக்குப் போனேன். வழக்கம்போல வெண்டலின் சிநேகிதர்கள் மூன்று பேர் அடுப்பைச் சுற்றிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னறைக்கு வண்ணம் அடிக்கப்போகிறோம், இடம் அடைக்கிறது, விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றேன்.

கல்லாவில் நிற்கும் மெர்ல் ரிவால்வரை வாங்கிக் குழலைப் பார்த்தான். "அண்ணி, வீட்டுக்காரர் ஊர்ல இல்லாதப்பவா இதை விப்பீங்க? இப்பதான் உங்களுக்கு இது வேணும்" என்றான்.

அடுப்புப் பக்கத்திலிருந்து ஹோபர்ட் எழுந்து வந்தார். ஓய்வு பெற்ற காவலர். சுடுவதற்குப் பாடம் நடத்துகிறார். "முப்பத்தெட்டு காலிபர் தங்கச்சிக்குச் சரிப்படாதுடா. சின்னக் கை. உதைக்கும்."

"முப்பத்தெட்டு உதைக்குமா? என் மாமியா எழுபது வயசுல சுட்டாங்க."

"உன் மாமியா கையைப் பாத்திருக்கேன். அது கையில்ல, மண்வெட்டி."

அடுத்த நாற்பது நிமிடம் முப்பத்தெட்டா நாற்பத்தைந்தா என்று விவாதம் நடந்தது. சர்ச்சில் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா, ஆளையே முழுக்காட்ட வேண்டுமா என்று பிரிந்தபோதுகூட இவ்வளவு சூடு இருக்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் அந்த ரிவால்வரும், அதற்கு ஒரு தோலுறையும், செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் பெண்கள் வகுப்புக்கான சீட்டும் இருந்தன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நடீன்


கூஸ் பே, ஆரிகன்
பிப்ரவரி 20, 1998

அன்பு நடீனுக்கு,

நான் சுகம். மெஷினில் இரைச்சல்தான். கழற்றி வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதுகில் ஆபரேஷன் என்று சொன்னது சரி. அதையே கடைசிவரை சொல். உண்மையைச் சொன்னால் வெண்டல் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. உனக்கு ஆம்பிளைகளைத் தெரியும். காலில்லாதவனோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், இது வந்தவனோடு குடிக்க மாட்டார்கள்.

என் ராய்க்கு அந்த விபத்து நடந்தபோது, துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வெடித்ததே அப்போது, அவருடைய தம்பி வந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போனான். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. உனக்கு அப்படி ஒரு கொழுந்தன் இல்லாதது கஷ்டம்தான். ஆற்றில் போட்டுவிடு.

இங்கே மழை. நண்டு நிறைய வருகிறது. நீ சாப்பிடுகிறாயா? சாப்பிடு.

அக்கா,
ஓபல்


பெல்லமி
மார்ச் 2, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

ஆற்று யோசனையைப் பரிசீலித்தேன். ஆற்றில் இப்போது கணுக்கால் அளவு தண்ணீர். ஷெரீஃப் அலுவலகத்தில் ஒப்படைக்கலாம் என்றால், அங்கே பொறுப்பில் இருப்பவர் காலை பத்து மணிக்கு டாய்ல் கடை அடுப்போரம்தான் இருப்பார்.

ஆகவே அறுபது மைல் தள்ளி, நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். வெண்டலின் அப்பா விட்டுப்போன வின்செஸ்டர் ரைஃபிளைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போனேன். அது போனால் மற்றவை தானாகப் போகும் என்று ஒரு எண்ணம். கடையில் தாடி வைத்த ஓர் இளைஞன். போர்வையைப் பிரித்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"மேடம், இது அறுபத்துநாலுக்கு முந்தினது. தெரியுமா?"

தெரியாது, விற்க வேண்டும் என்றேன்.

"இதையெல்லாம் விக்கக் கூடாது மேடம். நான் வாங்கினா எனக்கே என்னைப் பிடிக்காது."

அப்படியென்றால் வேறு யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன். அதற்கு அவன் 1964-ல் அந்தக் கம்பெனி செலவைக் குறைக்க எடுத்த முடிவுகள் எவ்வளவு தவறு என்று விளக்கினான். அவன் அப்போது பிறந்திருக்க மாட்டான். ஆனாலும் மனசு உடைந்துபோய்ப் பேசினான். பிறகு ரைஃபிளைத் திருப்பி ஒரு கீறலைப் பார்த்தவன், "இருங்க, இது பெல்லமி வெண்டலோடது இல்ல? மான் வேட்டைல பாத்திருக்கேன்" என்றான்.

நான் வீடு வந்து சேருவதற்குள் டாய்லுக்குத் தகவல் போயிருந்தது. மறுநாள் காலை கூப்பிட்டார். "ஏம்மா நடீன், பணத்துக்கு முடையா? வெண்டல் முதுகு சரியாகி வர்றவரைக்கும் நாங்க இருக்கோம்ல. எதையும் விக்காத. அவன் மனசு உடைஞ்சு போயிரும்."

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் பன்றித் தொடை ஒன்றும், ஒரு மூட்டை விறகும் இருந்தன. நல்ல மனிதர்கள், அக்கா. அதுதான் கஷ்டம்.

வெண்டலை ஞாயிறன்று பார்த்தேன். எடை குறைந்திருக்கிறார். மரத்தில் பறவைக்கூண்டு செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். "எத்தனை பறவை வரும்னு கேட்டேன், யாருக்கும் தெரியல" என்றார். ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

உன்,
நடீன்


பெல்லமி
மார்ச் 18, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மழை நிற்கவில்லை என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நான்.

வகுப்புக்குப் போகிறேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏழு பெண்கள். ஹோபர்ட் நன்றாகவே சொல்லித்தருகிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாத் துப்பாக்கியும் குண்டுபோட்ட துப்பாக்கி என்று நினை; சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. இதை அவர் சொல்லும்போது பாதிரியாரைவிட உறுதியாகச் சொல்கிறார். மற்ற விஷயங்களிலும் அதே உறுதி இருப்பதுதான் சிரமம். பெண்கள் பைக்குள் வைத்தால் செத்தார்கள், இடுப்பில் வைத்தால் குண்டாகத் தெரிவார்கள், ஆகவே கணுக்கால் என்றார். அடுத்த வாரம் கணுக்கால் முட்டாள்கள் வைக்கும் இடம் என்றார். என் பக்கத்தில் நிற்கும் ஐரீன், "போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "போன வாரம் நீ புதுசு. புதுசா வர்றவங்களுக்கு வேற பதில்" என்றார்.

நேற்று ஆளுக்கொரு தாள் கொடுத்து அவரவர் வீட்டை வரையச் சொன்னார். ஆபத்து எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டுமாம். நான் அளவோடு வரைந்தேன். நாற்காலிகளைக்கூட விடவில்லை. ஹோபர்ட் என் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகு சிவப்புப் பென்சிலால் முன்கதவு, பின்கதவு, குளியலறை ஜன்னல் மூன்றிலும் குறி போட்டார். "வர்றவன் இந்த மூணு வழியாத்தான் வருவான், தங்கச்சி. எவனாவது உள்ள வந்துட்டா, நீ ஓடிப்போய் இங்க நிக்கணும்" என்று வெண்டலின் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இந்த வீட்டுலயே இதான் பத்திரமான இடம்."

நான் நன்றி சொன்னேன்.

ஆனால் அக்கா, ஒரு வழி கிடைத்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் டாய்லிடம், வெண்டல் வருவதற்குள் எல்லாத் துப்பாக்கியையும் சுத்தம் செய்து வைக்கலாம் என்று நினைக்கிறேன், எனக்குத் தெரியாது, நீங்கள் செய்து தருவீர்களா என்று கேட்டேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. உடனே மெர்லை வண்டியோடு அனுப்பினார். பதினொன்றும் போய்விட்டன. அவசரமில்லை, கோடை முடியட்டும் என்று நான் இரண்டு தரம் சொன்னேன்.

அலமாரி காலியாக இருக்கிறது. இன்று உள்ளே துடைத்துவிட்டுப் போர்வைகளை அடுக்கினேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாகப் பகலில் தூங்கினேன்.

உன்,
நடீன்


கூஸ் பே
மார்ச் 27, 1998

நடீனுக்கு,

சுகம். மழை விட்டிருக்கிறது. தோட்டத்தில் டூலிப் வந்துவிட்டது, மஞ்சள்தான் அதிகம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது.

சுத்தம் செய்யக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். சரி.

ஓபல்


பெல்லமி
ஏப்ரல் 6, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அட்டை வந்தது. நாய்க்குட்டிகள் எத்தனை?

வெண்டல் வெள்ளிக்கிழமை வீடு வந்தார். நானே போய் அழைத்து வந்தேன். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, வயலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். வீட்டில் அலமாரியைத் திறந்து போர்வைகளைப் பார்த்தார். "நல்லது" என்றார். பறவைக்கூண்டை அவரே கொண்டுவந்து மேப்பிள் மரத்தில் மாட்டினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று வண்டிகள் வந்து நின்றன.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறதாம். முப்பத்திரண்டு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவன் துப்பாக்கியில் தூசு படிந்தால் அது அவன் சிநேகிதர்களுக்கு அவமானம். அதனால் அவன் வீடு திரும்பும்போது எல்லாம் எண்ணெய் போட்டுத் தயாராக இருக்க வேண்டும். சுத்தம் செய்யத் தருகிறேன் என்று நான் சொன்னதும் டாய்ல் முகம் ஏன் மலர்ந்தது என்று இப்போது தெரிகிறது. நான் முறை தெரிந்தவள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு வாரம் நான்கு பேரும் கடை மூடிய பிறகு உட்கார்ந்து வேலை செய்தார்களாம். மெர்ல் ஷாட்கன்னின் கட்டையை இழைத்து மெருகேற்றியிருக்கிறான். வின்செஸ்டரில் அந்தக் கீறலை மட்டும் விட்டுவிட்டார்கள். அது மாமனார் போட்ட கீறலாம்.

"வெண்டல், முதுகு எப்படிடா?" என்றார் டாய்ல்.

"பரவால்ல."

"குனியாத. நாங்களே வைக்கிறோம்."

"இல்ல, நானே வைக்கிறேன்" என்றார் வெண்டல்.

போர்வைகளை எடுத்து சோபாவில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக வாங்கி, பார்த்து, பழைய வரிசையிலேயே உள்ளே நிறுத்தினார். ரிவால்வரைக் கடைசியில் வாங்கினார். தோட்டா போடும் சுழல் அறையைத் திறந்து பார்த்து, மூடி, மேல்தட்டில் வைத்தார். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாக் கோப்பையிலும் சரியான அளவு ஊற்றினேன்.

பிறகு ஹோபர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பிலேயே நன்றாகத் தேறியவள் என்று எனக்கு ஒரு சின்ன பிஸ்டலைப் பரிசாகக் கொடுத்தார். பிடி ரோஜா நிறம். எல்லாரும் கை தட்டினார்கள். வெண்டலும் தட்டினார்.

இப்போது பன்னிரண்டு இருக்கின்றன.

என்ன செய்யலாம் என்று எழுது.

நடீன்


பெல்லமி
ஏப்ரல் 20, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. ஒரு வரியாவது எழுது.

வெண்டல் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் கொட்டகையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த நேரத்தில் துணி காயப்போடுகிறேன். இந்த இரண்டு வாரத்தில் இந்த வீட்டுத் துணியெல்லாம் பலமுறை தோய்க்கப்பட்டுவிட்டது. சுத்தமாக இருந்த திரைச்சீலைகளையும் தோய்த்தேன். துணிக்கொடியிலிருந்து பார்த்தால் கொட்டகைக் கதவு தெரியும். நடுவில் ஒரு தரம் உள்ளே வந்து அலமாரியை எண்ணுகிறேன். பன்னிரண்டு.

வேறிடத்துக்கு மாற்றினால், "எங்கே" என்று அவர் கேட்பார். தானே கேட்டால்கூடத் தரக்கூடாது என்று ஜனவரியில் சொன்ன அதே ஆள்தான். ஆனால் அதைச் சொன்னதாகவே காட்டிக்கொள்வதில்லை. நானும் சொல்வதில்லை. அந்த நாளைப் பற்றி இந்த வீட்டில் இருவரும் பேசியதே இல்லை.

ஹோபர்ட் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றிலிருந்தும் தோட்டாக்களை எடுத்து, பெட்டிகளோடு சேர்த்துத் தக்காளிப் பாத்தியில் புதைத்தேன். பாடம் வீண் போகவில்லை. இரண்டாம் நாள் மெர்ல் வந்தான். அலமாரியைத் திறந்து பார்த்தான். இங்கே யாரும் யார் அலமாரியையும் திறந்து பார்க்கலாம்.

"என்ன அண்ணி, எல்லாம் காலியா நிக்குது? தோட்டா இல்லாத துப்பாக்கியும் தொடப்பக்கட்டையும் ஒண்ணு."

"தீந்துருச்சு" என்றேன்.

"பன்னெண்டுலயும் ஒரே நாள்ல தீந்துருச்சா? அண்ணி, யார்கூட சண்டை போட்டீங்க?"

சிரித்தான். சாயங்காலமே ஆறு பெட்டி கொண்டுவந்து வெண்டலின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

நடீன்


கூஸ் பே
மே 4, 1998

அன்புள்ள நடீன்,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. மேஜையில் அடுக்கி வைத்திருந்தேன்.

ராய் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துப்பாக்கியைச் சுத்தம் செய்ததில்லை. அவருக்கு அந்த எண்ணெய் வாசனை பிடிக்காது. வருஷத்துக்கு ஒரு தரம் தம்பியிடம் கொடுத்துவிடுவார். பன்னிரண்டு வருஷமாக இது உனக்கும் தோன்றியிருக்கும். தோன்றினாலும் நீ கேட்கவில்லை. அதற்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டபோது நான் வெளியே நின்றிருந்தேன். அப்போது காது கேட்கும். உள்ளே போய்ப் பார்த்தேன். பிறகு மச்சினன் வைத்துவிட்டுப் போயிருந்த எண்ணெய்ப் புட்டியையும், ஒரு பழைய துணியையும், குழலைத் துடைக்கும் குச்சியையும் எடுத்து வந்து மேஜையில் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். துணியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் ஷெரீஃபைக் கூப்பிட்டேன். வந்தவர் பார்த்தார், எழுதிக்கொண்டார். எல்லாரும் கேக்கும் கோழியும் கொண்டுவந்தார்கள். யாருக்கும் தலை குனியவில்லை.

அதற்கு முந்தின மாதம் அவர் என்னிடம் இரண்டு தடவை, "ஓபல், எனக்கு என்னமோ சரியில்லை" என்றார். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் நான் யோசித்தேன். அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருப்பான். பிறகு போனானே, அதே வண்டியில்.

பிப்ரவரியில் நான் உனக்கு எழுதியது தப்பு. கடைக்குப் போ. நாலு பேரும் இருக்கும்போது போ. முதுகு என்று சொல்லாதே. சுத்தம் என்று சொல்லாதே. என்ன நடந்ததோ அதன் பெயரைச் சொல்லு.

ஓபல்


பெல்லமி
மே 11, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்று காலை போனேன். கையில் கிடைத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

வெண்டலைப் பறவைக்கூண்டுக்குத் தானியம் வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். கடையில் டாய்ல், மெர்ல், ஹோபர்ட், ஷெரீஃப் ஆபீஸ்காரர் எல்லாரும் இருந்தார்கள். கரடி வந்தால் முகத்தைச் சுடுவதா தோளைச் சுடுவதா என்று பேச்சு. இந்த மாவட்டத்தில் கரடி கிடையாது.

"வா தங்கச்சி, நீயே சொல்லு. தோளா முகமா?" என்றார் ஹோபர்ட்.

"வெண்டலுக்கு முதுகுல ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரியாயிருச்சா? பாத்தியா, நான் சொன்னேன்ல, டாக்டருங்களுக்கு—"

"முதுகுல எப்பவுமே ஒண்ணுமில்ல. ஜனவரில அந்த ரிவால்வரை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் போயிருக்காரு. தன்னையே சுட்டுக்கப் போயிருக்காரு. அப்புறம் எந்திரிச்சு வந்து என்கிட்டக் குடுத்தாரு. பத்து வாரம் மனநல ஆஸ்பத்திரில இருந்தாரு. வீட்டுல ஒரு துப்பாக்கிகூட இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க பன்னெண்டாத் திருப்பிக் குடுத்தீங்க."

நான் பதினெட்டு வயதில் பள்ளி மேடையில் பேசினேனே, அப்போது போல என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

மெர்ல் கல்லாவுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்தான். "அண்ணி, அந்த ஆறு பெட்டி, நான்..." என்று ஆரம்பித்தான். மேலே எழுந்திருக்கவில்லை.

ஹோபர்ட்தான் முதலில் சமாளித்தார். "சரி தங்கச்சி. ஆனா வீட்டுல ஒண்ணாவது இருக்கணும். உன் பாதுகாப்புக்கு. அந்தச் சின்னதை மட்டும் உன் தலையணைக்கு அடியில—"

"ஹோபர்ட், வாயை மூடு" என்றார் டாய்ல். முப்பது வருஷத்தில் அவர் ஒருவரை அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். தன் கோப்பையைக் கழுவி, துடைத்து, மாட்டிவிட்டு, "ரெண்டு மணிக்கு வரேன்மா" என்றார்.

வந்தார். மெர்லும் வந்தான். வெண்டல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வெண்டல், இதையெல்லாம் நான் கொண்டு போறேன். கடைல இருக்கும். உன்னோடதுதான். ஆனா நீ கேட்டாக் குடுக்க மாட்டேன்" என்றார் டாய்ல். வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

"சரி" என்றார் வெண்டல்.

பன்னிரண்டையும் தோட்டாக்களையும் எடுத்துப்போக இருபது நிமிடம் ஆயிற்று. வண்டி போன பிறகு வெண்டல், "நீ சொன்னியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

ஜன்னல் பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்கு ஏன் எந்திரிச்சு வந்தேன்னு எனக்கே தெரியல, நடீன்" என்றார். ஜனவரியைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு பசிக்கிறது என்றார். பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தேன். பாதி சாப்பிட்டார்.

ராய் அத்தானைப் பற்றி நீ எழுதியதை யாருக்கும் காட்டவில்லை.

நடீன்


கூஸ் பே
மே 29, 1998

அன்பு நடீனுக்கு,

சுகம். நீயும் அவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு ஒரு வாரம் நான் வாசலுக்கே வரவில்லை. தபால்காரர் பிரித்துப் படித்திருப்பாரோ என்று. எனக்கு அறுபத்தெட்டு வயது, அவருக்கு என் பெயரே சரியாகத் தெரியாது. இப்போது வருகிறேன்.

நாய்க்குட்டி ஐந்து. ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குரைத்தால் எனக்குக் கேட்காது என்றேன். அதுதான் நல்லது என்கிறார்கள்.

ஓபல்


பெல்லமி
ஆகஸ்ட் 31, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். நீயும் நாய்க்குட்டியும் நலமா? எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வெண்டல் புதன்கிழமைகளில் டாக்டரிடம் போகிறார். போன வாரம் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டார். நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டது. கொட்டகையில் இப்போது உட்காருவதில்லை, அறுக்கிறார். மூன்றாவது கூண்டு முடியப்போகிறது. பேச்சு இன்னும் குறைவுதான். சில நாள் மோசம். அந்த நாட்களில் அவரே, "இன்னிக்குச் சரியில்ல" என்று சொல்லிவிடுகிறார். நான் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன்.

சிநேகிதர்கள் யாரும் வீட்டுக்கு வரவில்லை. நீ சொன்னபடிதான். வெண்டல் ஜூனில் ஒரு தரம் காப்பிக்குப் போனார். எல்லாரும் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்களாம். பெரியவர்களுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். வானிலை பற்றிப் பேசினார்களாம். அவர் இருந்தவரை ஒருவரும் துப்பாக்கி என்ற வார்த்தையைச் சொல்லவில்லையாம். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். மறுபடி போகவில்லை. மெர்லை மட்டும் தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறான். வலது கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜூலையில் ஐரீன் என் வீட்டுக்கு வந்தாள். அதுவரை வந்ததில்லை. அரை மணி நேரம் தக்காளியைப் பற்றிப் பேசிவிட்டு, டாய்லிடம் என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டாள். அப்படியே சொன்னேன். அடுத்த நாள் அவள் கணவருடைய மூன்றைக் கடைக்குக் கொண்டுபோனாள். டாய்ல் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு வகுப்பிலிருந்த இன்னொருத்தியும், நமக்குத் தெரியாத இரண்டு பேரும் போனார்கள். அதில் ஒருத்தி நாற்பது மைலிலிருந்து வந்தவளாம்.

வெயில் இன்னும் குறையவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வெண்டல் உனக்கு ஒரு கூண்டு அனுப்பச் சொல்கிறார். பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன் உன் தங்கை,
நடீன்

பி.கு.: போன திங்கட்கிழமை அந்தக் கணவன்மார்களில் இரண்டு பேர் டாய்லைப் பார்க்கப் போயிருந்தார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து கடைக் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது: மனைவிமார் கொண்டுவரும் துப்பாக்கிகள் கணவரின் கையெழுத்து இல்லாமல் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது.